ராமகுப்பத்து மல்பெரிக்கு முதலீட்டாளர் யார்?

அரசு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி இன்று தலையங்கங்களிலும் தொழில் அமைப்புகளின் மேடைகளிலும் ஒரே குரல்தான் கேட்கிறது. அரசு ஆய்வகங்களில் இதுவரை கொட்டிய பணம் கட்டுரைகளாக வெளிவந்ததே தவிர, பொருளாக வெளிவரவில்லை. ஆகவே விற்பனைக்கு நெருங்கிவிட்ட தொழில்நுட்பத்துக்கு மட்டும் பணம் கொடுப்போம். அதையும் மானியமாகக் கொடுக்காமல் கடனாகவோ பங்காகவோ கொடுப்போம். யாருக்குக் கொடுப்பது என்பதை முதலீட்டு மேலாளர்கள் தீர்மானிக்கட்டும் என்பது அந்தக் குரல். படித்தவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள்.

இந்தக் கருத்து வெறும் பேச்சாக நிற்கவில்லை. 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாய்க்கு ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்க நிதி ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. நவம்பர் 3 அன்று பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். 2025-26 ஆண்டுக்கு மட்டும் 20,000 கோடி ஒதுக்கப்பட்டது. பணம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கும். அங்கிருந்து இரண்டாம் நிலை நிதி மேலாளர்களுக்குப் போகும். அவர்கள் வட்டியில்லாமலோ குறைந்த வட்டியிலோ நீண்டகாலக் கடனாகவும், பங்கு முதலீடாகவும் நிறுவனங்களுக்குத் தருவார்கள். திட்டச் செலவில் பாதி வரை கிடைக்கும். மானியம் கிடையாது. தொழில்நுட்பத்தின் தயார்நிலையை ஒன்பது படிகளாகப் பிரிக்கும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதில் நான்காம் படியையோ அதற்கு மேலோ எட்டியிருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். நான்காம் படி என்றால், கண்டுபிடிப்பு ஆய்வகத்துக்குள் வேலை செய்துகாட்டிவிட்டது என்று பொருள்.

இப்படி ஒரு நிதி இருப்பதில் எனக்குக் குறையில்லை. பணம் கிடைக்காமல் பாதிவழியில் நின்றுபோன நல்ல நிறுவனங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் முறையே இதுதான், இனி இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற நம்பிக்கை தவறு. இந்த நாட்டில் எந்த ஆராய்ச்சி யாருக்குச் சோறு போட்டது என்ற வரலாறு அதற்கு எதிராக நிற்கிறது. அந்த வரலாற்றைப் பார்க்க பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போகத் தேவையில்லை. ராமகுப்பத்துக்கு வந்தால் போதும்.

சித்தூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திரமும் தமிழ்நாடும் கர்நாடகமும் முட்டிக்கொள்ளும் இடத்தில், குப்பம் தொகுதியில் இருக்கிறது ராமகுப்பம் மண்டலம். ஒரே டீக்கடையில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் புழங்கும் ஊர்ப்பக்கம் இது. இந்த வட்டாரம் வழியாகத்தான் பாலாறு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஆண்டில் பெரும்பகுதி அதில் மணலைத்தான் பார்க்கலாம். மழையையும் ஏரியையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய நிலம், அதுவும் சிறு சிறு துண்டுகளாக. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு ஏக்கர் மல்பெரி வைத்திருக்கும் குடும்பம் ஆண்டுக்கு ஐந்து தடவையாவது கையில் காசு பார்க்கிறது என்றால் அதற்குக் காரணம் பட்டுப்புழு. முட்டை பொரித்ததிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் கூடு சந்தைக்குப் போய்விடும். நெல்லும் கடலையும் கொடுக்க முடியாத வேகம் அது.

அந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் நிற்கும் மல்பெரி பெரும்பாலும் வி-1 என்ற ரகம். விக்டரி-1 என்பது முழுப்பெயர். மைசூரிலுள்ள மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் எஸ்-30, பெர்ஹாம்பூர் சி-776 என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து உருவாக்கி, 1997-ல் வெளியிட்டது. அதற்கு முன் தென்னிந்தியத் தோட்டங்களில் இருந்த கண்வா-2 ரகத்தோடு ஒப்பிட்டால், நல்ல பாசனத்தில் ஏறக்குறைய இரு மடங்கு இலை தருகிறது; ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 60 டன் வரை. நிலம் கூடவில்லை, இலை கூடிவிட்டது. துண்டு நிலம் வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய புத்தாக்கம் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்போது இந்த ரகத்தை ஒரு நிதி மேலாளரின் மேசையில் வைத்துப் பாருங்கள். மல்பெரி குச்சியிலிருந்து வளர்வது. ஒரு விவசாயியிடம் இருந்தால் அவர் கவாத்து வெட்டும்போது பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு கட்டு வாங்கிப் போவார். அவரிடமிருந்து அவர் மைத்துனர் வாங்குவார். மூன்று ஆண்டில் மண்டலம் முழுக்கப் பரவிவிடும், உருவாக்கியவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாமல். இதற்கு எந்த மேலாளர் கடன் கொடுப்பார்? கொடுத்தால் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றுதான் பொருள். கடனைத் திருப்பிக் கட்ட வருமானம் வேண்டும். வருமானம் வர அந்தப் பொருள் ஒருவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வி-1 யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்ததால்தான் ராமகுப்பம் வரை வந்தது.

மல்பெரியோடு முடிந்துவிடவில்லை. புழுவின் கதை இன்னும் நீளம்.

தென்னிந்தியாவில் நெடுங்காலமாக வளர்த்தவை ஆண்டு முழுதும் தலைமுறை தலைமுறையாகப் பெருகும் உள்நாட்டு இனங்களும், அவற்றின் கலப்பினங்களும்தான். கூடு சிறியது, மஞ்சள் சாயல், இழை குட்டை. விசைத்தறிக்குப் பாவு நூலாக ஓடும் வெண்பட்டு பைவோல்டின் எனப்படும் இனத்திலிருந்து வருவது. அது ஜப்பான், சீனா போன்ற குளிர்நாட்டுப் புழு. நம் வெயிலுக்கும் நம் நோய்களுக்கும் தாங்காது என்பதே பல காலம் அறிந்தவர்கள் சொன்ன முடிவு. ஆகவே நெசவாளர்கள் சீனப் பட்டு நூலை இறக்குமதி செய்து நெய்தார்கள். சந்தை தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது: வெளியே மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்.

அந்தத் தீர்ப்பை ஏற்காதது மத்தியப் பட்டு வாரியம். 1948-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த நிறுவனம். 1991-ல் ஜப்பானிய அரசின் கூட்டுறவோடு தொடங்கிய பைவோல்டின் திட்டம் மூன்று கட்டங்களாக 2007 வரை நடந்தது. பதினாறு ஆண்டுகள்! முதல் கட்டத்தின் கடைசியில், 1997 வாக்கில், சி.எஸ்.ஆர். வரிசை இனங்கள் வந்தன. சி.எஸ்.ஆர்.-2, சி.எஸ்.ஆர்.-4 இரண்டையும் சேர்த்த கலப்பினம் நம் வெப்பத்தில் பிழைத்தது. பிறகு வந்த ஆண்டுகளில் வேலையெல்லாம் வீட்டுக்குள் நடந்தது: புழுவுக்குத் தனி மனை வேண்டும், கிருமிநீக்கம் எப்படிச் செய்வது, முதல் இரண்டு பருவப் புழுக்களை ஒரே இடத்தில் வளர்த்துக் கொடுக்கும் சாக்கி மையம் எப்படி நடத்துவது, இலையைத் தனித்தனியாகப் பறிக்காமல் கிளையோடு போடுவது எப்படி. இவற்றில் எதற்கும் காப்புரிமை இல்லை. எல்லாமே சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துப் பரவியவை.

பலன் உடனே வரவில்லை என்பதை நான் மறைக்கப்போவதில்லை. 2013-14-ல் நாட்டின் பைவோல்டின் கச்சாப்பட்டு உற்பத்தி சுமார் 2,560 டன். அப்போது கணக்குப் பார்த்த ஒருவர், திட்டம் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் இவ்வளவுதானா என்று கேட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 2022-23-ல் அது சுமார் 8,900 டன். ஒன்பது ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல். எந்தக் கடன் ஒப்பந்தம் அவ்வளவு காலம் காத்திருக்கும்? எந்த முதலீட்டு நிதியின் ஆயுள் அவ்வளவு நீளம்? நீண்டகாலக் கடன் என்கிறார்களே, அந்த நீளத்தை வி-1-க்கும் சி.எஸ்.ஆர்.-க்கும் ஆன காலத்தோடு ஒட்டி அளந்து பார்க்க வேண்டும்.

இடையில் 2011-ல் கச்சாப்பட்டு மீதான இறக்குமதி வரியை 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். கூட்டின் விலை சரிந்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஆராய்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வணிகக் கொள்கை ஒரே நாளில் அதைக் கவிழ்க்கும் என்பதற்கு இது சாட்சி. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஊசி ஈயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1980-ல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த விதைக்கூடுகளோடு அது கர்நாடகத்துக்குள் நுழைந்தது. புழுவின் மேல் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவைத் துளைத்து உள்ளே தின்னும். பட்டு வளர்க்கும் எல்லா மாவட்டங்களுக்கும் பரவிய கேடு இது. வேறெந்தப் பயிராக இருந்தாலும் ஒரு கம்பெனி மருந்தோடு வந்திருக்கும். இங்கே வர முடியாது, ஏனென்றால் ஈயைக் கொல்லும் மருந்து புழுவையும் கொன்றுவிடும். காப்பாற்ற வேண்டியதே ஒரு பூச்சியாக இருக்கும் வீட்டில் பூச்சிக்கொல்லிக்கு வேலை இல்லை. பட்டு வாரியத்தின் ஆய்வாளர்கள் ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நெசோலிங்க்ஸ் தைமஸ் என்ற சிறு குளவியைப் பெருக்கும் முறையைக் கண்டார்கள். வலைக் கதவும் குளவியும் சேர்ந்து சேதத்தைக் குறைத்தன. தானாகப் பெருகும் ஒரு குளவியை விற்று யார் கோடீஸ்வரர் ஆகப்போகிறார்? விற்க முடியாத தீர்வுகளும் இருக்கின்றன. சில கேடுகளுக்கு அவைதான் ஒரே தீர்வு. சந்தை கேட்பதை மட்டும் ஆராய்வோம் என்று முடிவெடுத்த நாடு, இந்தக் கேடுகளுக்குத் தன் மக்களைக் கைவிடுகிறது.

இதில் நம் நாட்டுக்கு மட்டும் உரிய பண்பு எதுவும் இல்லை. 1865-ல் பிரான்சின் பட்டுத்தொழில் பெப்ரைன் நோயால் அழிந்துகொண்டிருந்தபோது, அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் அலே என்ற ஊருக்குப் போனவர் லூயி பாஸ்டர். அவர் வேதியியல்காரர், அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டுப் பார்த்தவரில்லை. ஐந்து ஆண்டுகள் பிடித்தன. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்நோக்கியில் பார், நோய்த்துகள் தென்பட்டால் அந்த முட்டைகளை எரித்துவிடு என்பது அவர் கண்ட வழி. ராமகுப்பத்துக்கு வரும் ஒவ்வொரு நோயற்ற முட்டைத் தொகுதியும் இன்றைக்கும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது. முட்டைத் தரத்துக்குச் சான்று வேண்டும் என்று 2006-ல் பட்டு வாரியச் சட்டத்தைத் திருத்தியதும் இதற்காகத்தான். நூற்று ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அரசுச் செலவு ஒன்று இன்னும் சித்தூர் மாவட்டத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்தரப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது, அது பொருட்படுத்த வேண்டிய பதில்தான். முதல் மூன்று படிகளுக்கு நாங்கள் பணம் மறுக்கவில்லை, அதற்குத்தான் அனுசந்தான் அறக்கட்டளையே இருக்கிறது. கடன் என்பது மேல்படிகளுக்கு மட்டும் என்கிறார்கள். சரி, அந்த அறக்கட்டளையின் கணக்கைப் பார்ப்போம். 2023-ல் சட்டம் வந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதற்குள் கரைந்தது. 2023 முதல் 2028 வரை ஐந்தாண்டுக்கு 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் மத்திய அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை, நன்கொடையாளர்கள், வெளிநாட்டு அமைப்புகளிடமிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. ஆக, வாங்க ஆள் இல்லாத அடிப்படை ஆராய்ச்சிக்கான பணத்தில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு, வாங்கிப் பழக்கப்பட்டவர்களின் கையை எதிர்பார்த்து நிற்கிறது. மேல்படிக்கு 1 லட்சம் கோடி. அடிப்படிக்கு அரசின் உறுதி 14,000 கோடி. எந்தப் படிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன.

தொழில்துறை அந்த 36,000 கோடியைத் தருமா? இதற்கு ஊகம் தேவையில்லை. ஏற்கெனவே ஒரு பெரிய சோதனை நடந்து முடிந்துவிட்டது. வருமான வரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவின்படி, நிறுவனம் தன் ஆராய்ச்சிக்கூடத்தில் 100 ரூபாய் செலவு செய்தால் 200 ரூபாயைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று 2010 முதல் சலுகை இருந்தது. பிறகு 2017-18 முதல் அது 150 ஆனது, 2020-21 முதல் 100-க்கு இறங்கியது. உலகின் தாராளமான சலுகைகளில் ஒன்று அது. ஏழு ஆண்டுகள் முழுவீச்சில் இருந்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டின் ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் எந்தப் பங்காக இருந்தது? 2008-09-ல் 0.8 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 2020-21-ல் 0.64 விழுக்காடு. தொகை 1 லட்சத்து 27 ஆயிரம் கோடியாக வளர்ந்தது உண்மை, ஆனால் பொருளாதாரம் அதைவிட வேகமாக வளர்ந்ததால் பங்கு தேய்ந்தது. அதிலும் தனியார் துறையின் பங்கு 36 விழுக்காடு சொச்சம்தான். இரட்டிப்புச் சலுகை கொடுத்தும் அசையாத கை, பாதிச் செலவுக்குக் கடன் கொடுத்தால் அசையும் என்று எதை வைத்து நம்புகிறார்கள்?

இன்னொரு கதையும் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வாங்கும் நிறுவனங்கள் செலுத்தும் தொகையில் 5 விழுக்காட்டை ஆராய்ச்சி வளர்ச்சித் தீர்வையாக வசூலிக்க 1986-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அந்தப் பணத்தில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை வளர்க்கவே 1996-ல் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியம் அமைந்தது. வசூலானதில் சிறு பகுதிதான் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று கணக்குத் தணிக்கையாளரே குறிப்பிட்டார். கடைசியில் 2017-ல் தீர்வையையே நீக்கிவிட்டார்கள். தொழில்துறை எளிதாகத் தொழில் செய்யட்டும் என்பது காரணம். தொழில்துறை ஆராய்ச்சிக்குப் பணம் தர ஒரு நேர்வழி இருந்தது, அதை நாமே அடைத்துவிட்டு நன்கொடைப் பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

தென்கொரியாவைப் பாருங்கள், அங்கே ஆராய்ச்சிச் செலவில் முக்கால் பங்கு தனியாருடையது என்று அடுத்த அம்பு வரும். வந்தே தீரும். தென்கொரியா இன்று உற்பத்தியில் 5 விழுக்காட்டை ஒட்டிச் செலவிடுகிறது, பெரும்பகுதி கம்பெனிகள்தான். ஆனால் அது எங்கே தொடங்கியது? 1966-ல் கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அரசு கட்டியது. கம்பெனிகள் பின்னால் வந்தன. தைவானில் 1973-ல் அரசு தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்து, அமெரிக்காவிலிருந்து சில்லு செய்யும் நுட்பத்தை விலைக்கு வாங்கி, பொறியாளர்களைப் பயிற்றுவித்து, பத்து ஆண்டுக்கு மேல் செலவு தாங்கியது. 1987-ல் அதிலிருந்து பிரிந்ததுதான் டி.எஸ்.எம்.சி.; அப்போதும் மூலதனத்தில் ஏறக்குறைய பாதி அரசு வளர்ச்சி நிதியுடையது. அந்த நாடுகளின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துவந்து நமக்குப் படித்துக் காட்டுகிறார்கள்.

நம் நாட்டிலேயே ஒழுங்காக நடந்த ஒன்று உண்டு. 1985-86-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மகராஜ் கிஷன் பானும் உடனிருந்தவர்களும் பச்சிளங்குழந்தைகளிடம் ஒரு ரோட்டா வைரஸைக் கண்டார்கள். தொற்றிய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை. அந்த 116-இ வகையை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம். உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்க ஆய்வு நிறுவனங்களும் பணம் தந்துகொண்டே இருந்தன. பாரத் பயோடெக் உள்ளே வந்தது பல ஆண்டு கழித்து. மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. 2014-ல் உரிமம், விலை தவணைக்கு ஒரு டாலர். 2016-ல் அரசு தடுப்பூசித் திட்டத்தில் முதலில் சேர்த்த நான்கு மாநிலங்களில் ஆந்திரம் ஒன்று. ராமகுப்பத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது வந்த வழி இதுதான்: முதலில் பொதுப்பணம், பிறகு கம்பெனி, மறுபடியும் பொதுப்பணம். கம்பெனி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நிற்க வேண்டிய இடம் நடுவில். முதல் இடத்தில் நிறுத்தினால் அந்தக் கதை 1985-லேயே முடிந்திருக்கும்.

முதல் இடத்தில் கம்பெனி நின்றால் என்ன ஆகும் என்பதையும் இந்தத் தொகுதி பார்த்திருக்கிறது. 2002-ல் ஹெவ்லெட்-பேக்கர்டு நிறுவனம் குப்பத்தைத் தேர்ந்தெடுத்து, கணினி வழியாகக் கிராமத்தை மாற்றும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தகவல் மையங்கள் வந்தன. சூரிய ஒளியில் இயங்கும் கேமராவும் அச்சுப்பொறியும் கொடுத்து, ஊர்ப்பெண்களைப் புகைப்படக்காரர்கள் ஆக்கினார்கள். அவர்கள் நல்ல வருமானமும் பார்த்தார்கள். 2003-ல் அமெரிக்காவின் பெயர்பெற்ற நிர்வாக இதழ் ஒன்று இதை முன்மாதிரியாக எழுதியது. அந்தத் திட்டத்தில் உழைத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 2004-ல் மாநிலத்தில் ஆட்சி மாறியது, 2005 தொடக்கத்தில் கம்பெனியின் தலைமை மாறியது, மூன்றாண்டுக் கெடு முடிந்தது. கம்பெனி கிளம்பிவிட்டது. அதன் பங்குதாரர்களுக்கு அது பொறுப்பான முடிவுதான். குப்பத்தோடு பிணைந்து கிடக்க அதற்குக் கடமை இல்லை. கடமை இல்லாதவர் கையில் ஆராய்ச்சியின் திசையை ஒப்படைக்கக் கூடாது என்பதைத் தவிர நான் வேறென்ன சொல்கிறேன்?

அரசு ஆய்வகங்கள் மீதான குற்றச்சாட்டுகள் பலவும் உண்மை. ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை மாதக்கணக்கில் நிற்கிறது. மானியம் நிதியாண்டின் கடைசி வாரத்தில் வந்து, மார்ச் 31-க்குள் செலவழி என்கிறது. ஒரு கருவி வாங்க மூன்று மேசைகளின் ஒப்புதல் தேவை. 2025 ஜூனில் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள், அதை வரவேற்கிறேன். கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்துப் பதவி உயர்வு தருவதால் பயனில்லாத கட்டுரைகள் குவிகின்றன என்பதும் மெய். ஆனால் இவை எல்லாம் பணத்தைத் தாமதமாக, குறைவாக, நிச்சயமில்லாமல் கொடுத்ததால் வந்த நோய்கள். இவற்றுக்கு மருந்து, நேரத்துக்கு, போதிய அளவில், நீண்ட காலத்துக்குக் கொடுப்பது. வாடிய பயிருக்கு நீர் விடாமல் அடுத்த வயலுக்கு மடையைத் திருப்புவதை யாரும் வேளாண்மை என்று சொல்வதில்லை.

நிச்சயமின்மை எவ்வளவு கொடியது என்பதற்கு ஓசூர் ஒரு பாடம். ராமகுப்பத்திலிருந்து தூரமில்லை. அங்கே பட்டு வாரியத்தின் மரபுவளக் காப்பகம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளையும் நானூறுக்கும் மேற்பட்ட பட்டுப்புழு இனங்களையும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். நெல் விதையைக் குளிரறையில் பல ஆண்டு போட்டுவைக்கலாம். பட்டுப்புழு முட்டையை அப்படி வைக்க முடியாது. ஒவ்வோர் இனத்தையும் பொரிக்க வைத்து, இலை போட்டு வளர்த்து, கூடு கட்டவிட்டு, மறுபடி முட்டை எடுத்தாக வேண்டும். சில இனங்களுக்கு ஆண்டில் பல முறை. ஒரு தலைமுறை தவறினால் அந்த இனம் போய்விட்டது. நாளைக்கு வெப்பம் இன்னும் இரண்டு டிகிரி கூடும்போது, தாங்கும் புழுவுக்கான குணம் அந்த நானூற்றில் எதில் இருக்கிறது என்று இன்று யாருக்கும் தெரியாது. தயார்நிலைப் படியில் அது சுழியம். விற்பனை சுழியம். ஒரு முதலீட்டு மேலாளர் முதலில் வெட்டும் செலவு இது. இந்த வட்டாரத்தின் எதிர்காலம் மொத்தமும் அந்தச் செலவில் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கே பணம் போகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். அனுசந்தான் அறக்கட்டளையின் 'பேர்' திட்டத்தில் தேசியத் தரவரிசையின் உச்சியில் உள்ள நிறுவனம் மையமாக இருக்கும், வளர்ந்துவரும் பல்கலைக்கழகங்கள் அதன் கிளைகளாகச் சேரும். கிளைகளுக்கும் பணம் என்பது நல்ல எண்ணமே. ஆனால் கேள்வியை எழுப்புவது யார்? மையம் தன் கேள்வியைக் கொண்டுவரும், கிளை அதற்கு ஆள் தரும். கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து இறங்கி ராமகுப்பத்துத் தோட்டங்களை மிதிக்கும் யானைக் கூட்டத்தை எப்படித் திருப்புவது, ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்ட நீரை வைத்து மல்பெரியை எப்படிக் காப்பது என்ற கேள்விகள் உச்சியில் இருப்பவரின் பட்டியலில் இருக்க நியாயமில்லை. அவர் இங்கே வாழவில்லை. வாழ்பவர்களுக்குப் பக்கத்தில், 1997-லேயே அமைந்த திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில் இருக்கிறது.

ஊருக்குள்ளிருந்து எழுந்த கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டி.எம்.வி.-2 நிலக்கடலை சாட்சி. குடியாத்தம் பக்கத்துக் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட ரகம். அப்போது சித்தூரும் சென்னை மாகாணம். அரசுச் சம்பளம் வாங்கிய சிலர் உள்ளூர்க் கடலையிலிருந்தே செய்த தேர்வு, ராயலசீமையின் மானாவாரி நிலங்களை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. அந்நிய ஆட்சிகூட அதற்கு மானியம் கொடுத்தது.

எனவே நான் கேட்பது இவை. அந்த 1 லட்சம் கோடியில் கால் பங்கையாவது கடனிலிருந்து விடுவித்து, முதல் மூன்று படிகளுக்கு மானியமாக மாற்ற வேண்டும். மானியத்தின் காலம் மூன்றாண்டாக இல்லாமல் பத்தாண்டாக இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் ஒரு மதிப்பீடு போதும். உயிர்ச்சேமிப்புகளின் பராமரிப்பை ஆண்டுக்கு ஆண்டு ஒப்புதலுக்கு விடாமல் நிலைச்செலவாகச் சட்டத்திலேயே எழுத வேண்டும். 2017-ல் நீக்கிய தீர்வையைத் திரும்பக் கொண்டுவந்து, வசூலாகும் ஒவ்வொரு ரூபாயும் நேரே அறக்கட்டளைக்குப் போக வழிசெய்ய வேண்டும். மையம் யார், கிளை யார் என்பதைத் தரவரிசையைப் பார்த்துத் தீர்மானிக்காமல், கேள்வி எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பட்டுக்கு மைசூரும் ஓசூரும் மையமாகட்டும், குப்பத்தின் பல்கலைக்கழகம் யானைக்கும் நீருக்கும் மையமாகட்டும், பெங்களூரின் பெரிய நிறுவனங்கள் இவற்றுக்குக் கிளையாக வந்து தம் கருவிகளையும் ஆட்களையும் தரட்டும்.